மாப்பிள்ளை படைத்தளத்தில் வாங்கிய பிரிட்ஜை வெளியே விற்கலாமா?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் என் மாப்பிள்ளைக்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லௌட்டர்ன் பகுதியிலிருந்து மாற்றல் வந்துவிட்டது. பிரிட்ஜ், டிவி, சாப்பாட்டு மேசை ஆகியவற்றை அங்கே படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு மலிவாகக் கொடுத்துவிடலாம் என்கிறாள் மகள். இரண்டு மாணவர்கள் முன்பணமும் தந்துவிட்டார்கள். இதற்குச் சுங்க அனுமதி வேண்டுமா? — வாசகர், நங்கநல்லூர்.

பதில்: வேண்டும். அனுமதி கைக்கு வரும்வரை பிரிட்ஜும் டிவியும் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது.

நம் ஊரில் மிலிட்டரி கேன்டீனில் வரிச்சலுகையோடு வாங்கிய பொருளை வெளியாருக்கு விற்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கேயும் அடிப்படை அதுதான், ஆனால் கெடுபிடி அதிகம். 1951ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைகள் நிலை ஒப்பந்தத்தின் (நேட்டோ கூட்டணி நாடு ஒன்றின் படை இன்னொரு கூட்டணி நாட்டில் தங்குவதற்கான விதிகள்) 11ஆவது பிரிவின்படி, படைவீரர் குடும்பம் வரியில்லாமல் கொண்டுவந்த பொருள்களைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்நாட்டிலேயே விற்கவோ அன்பளிப்பாகக் கொடுக்கவோ வேண்டுமானால் அதிகாரிகளின் அனுமதி தேவை. அன்பளிப்பும் இதில் அடங்கும் என்பதைக் கவனியுங்கள். "காசு வாங்கவில்லை, சும்மாதான் கொடுத்தேன்" என்ற பதில் அங்கே செல்லாது.

வாங்குபவரும் படைத்தள அடையாள அட்டை உள்ளவர் என்றால் சிக்கல் இல்லை. மாணவர்களிடம் அந்த அட்டை இருக்காது என்பதால், உங்கள் மாப்பிள்ளை ராணுவப் போலீஸின் சுங்கப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், 550-175பி என்ற எண்ணுள்ள அனுமதிப் படிவத்தைப் பெற வேண்டும். வாங்கும் மாணவர் அதை ஜெர்மானியச் சுங்க அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, அவர்கள் போடும் வரியைக் கட்டி, முத்திரையோடு திருப்பித் தர வேண்டும். அதன் பிறகே பொருள் கைமாறலாம். ஒரு பழைய பிரிட்ஜுக்காக இரண்டு நாட்டு அலுவலகங்களின் படியேற வேண்டியிருக்கிறது. ராஜாஜி சாலைச் சுங்க இல்லத்துக்குக் கோப்புகளோடு அலைந்து பழகிய எனக்கே இதை விளக்கும்போது எரிச்சல் வருகிறது. நேர்மையாக நடக்க நினைப்பவனை இப்படி அலையவிட்டால், குறுக்குவழிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்.

அந்தக் குறுக்குவழிக்காரரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்றல் காலத்தில், வாட்ஸ்அப் குழுக்களில் "நம்ம ஊர் அண்ணன்" ஒருவர் தோன்றுவார். எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், காகிதம் எதுவும் வேண்டாம், பயன்படுத்திய பொருளுக்கு வரியே கிடையாது என்பார். மூன்றையும் நம்பாதீர்கள். அவர் பாதி விலைக்கு வாங்கி மாணவர்களிடம் முக்கால் விலைக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். விசாரணை என்று வந்தால், வரியில்லாமல் வாங்கிய ரசீதில் இருப்பது உங்கள் மாப்பிள்ளையின் பெயர். அவருக்கு ராணுவ ஒழுங்கு நடவடிக்கையும் வரக்கூடும். வாங்கியவர்களும் தப்ப முடியாது. வரி ஏய்த்த பொருள் என்று தெரிந்தே ஆதாயத்துக்காக வாங்குவது ஜெர்மானிய வரிச் சட்டத்தின் 374ஆவது பிரிவின்படி குற்றம். படிப்பு விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தலைவலி தேவையா?

இனி, நீங்கள் பட்டியலில் சேர்த்திருக்கும் சாப்பாட்டு மேசைக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு ஒரு விலக்கு இருக்கக்கூடும். ஊர்க் கடையில், எல்லாரையும் போல 19 சதவீத மதிப்புக்கூட்டு வரியை முழுமையாகக் கட்டி வாங்கிய பொருள் என்றால், அதை யாருக்கும் விற்கலாம்; படிவம் வேண்டாம். ஆனால் ஊர்க் கடையில் வாங்கியது என்பது மட்டும் போதாது. படைவீரர் குடும்பங்களுக்கு வாட் படிவம் என்று ஒன்று தருவார்கள். அதைக் காட்டினால் வெளிக்கடையிலும் அந்த வரி கழிந்துவிடும். அப்படி வாங்கிய மேசையும் வரியில்லாப் பொருள்தான், படைத்தளக் கடையில் வாங்கிய டிவிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அமெரிக்காவிலிருந்து வீட்டுச் சாமான்களோடு வந்த மேசைக்கும் இதே விதிதான். ஆகவே மகளிடம் கேட்க வேண்டியது "எங்கே வாங்கினாய்" என்பதை அல்ல, "வரி கட்டினாயா, ரசீது இருக்கிறதா" என்பதை. ரசீது இல்லையென்றால் வரி கட்டாததாகவே வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கும் காப்பித்தூள், சிகரெட், மதுப்புட்டிகளை மாணவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை வேண்டாம். இவை அட்டைக்கு அளந்து தரப்படும் பொருள்கள். ஜெர்மனியில் வறுத்த காப்பிக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ தனி வரியே உண்டு. காருக்கு நடைமுறை வேறு. அதை இங்கே கலக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், பிரிட்ஜையும் டிவியையும் அட்டை உள்ள வேறொரு வீரர் குடும்பத்துக்கோ, தளத்துக்குள் இருக்கும் பழைய பொருள் கடைக்கோ கொடுத்துவிடுவதே நல்லது. மேசைக்கு வரி கட்டிய ரசீது இருந்தால் மாணவர்களுக்கே கொடுக்கலாம். மாணவர்களுக்குத்தான் எல்லாவற்றையும் தர வேண்டும் என்றால், சாமான் கட்டும் ஆட்கள் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே மாப்பிள்ளை சுங்கப் பிரிவுக்குப் போகட்டும், கடைசி வாரத்தில் போனால் முத்திரை வருவதற்குள் அவர் நாட்டை விட்டே கிளம்பியிருப்பார். வாங்கிய முன்பணத்தை இன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். வரி எவ்வளவு என்று தெரிந்த பிறகு, அதையும் சேர்த்துக் கட்டுப்படியாகிறதா என்று அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.