சபையில் ஒருவருக்குப் புற்றுநோய்: ஜெபத்தைத் தவிர நாங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் சபையில் ஒரு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது, பெண்கள் ஐக்கியத்தில் ஒரு ஜெபக்குழு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். ஆனால் அந்தக் குழு அவர் வீட்டில் கூட வேண்டாம்.

இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். 2017-ல் என் அம்மாவுக்கு இதே நோய். நாங்கள் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. சபை. 21 நாளுக்கு ஒன்றாக ஆறு கீமோ. முதல் கீமோ முடிந்த பத்தாம் நாள், ஞாயிறு ஆராதனை முடிந்து இருபது பேர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அன்பு என்றால் அப்படி ஒரு அன்பு. அதில் ஒரு அம்மாவுக்கு ஜலதோஷம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஜெபித்தார். கீமோ ஏற்றிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம்வரை, தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் என்பது அன்றைக்கு எங்களுக்கே சரியாகத் தெரியாது. இரண்டு நாளில் காய்ச்சல் 101. நேராக மருத்துவமனை, ஐந்து நாள் ஊசி. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே காத்திருக்கக் கூடாது என்று அப்போதுதான் படித்தோம். அதனால் ஜெபக்குழு கோயிலில் கூடட்டும். அவர் வீட்டுக்கு ஒருவர், அதிகம் போனால் இருவர், முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுப் போனால் போதும்.

சாப்பாடு கொண்டுபோவதும் அப்படித்தான். எங்கள் ஊரில் அன்பு என்றால் மீன்குழம்பு. அம்மாவுக்கோ அந்த மணம் வந்தாலே குமட்டல். வாயெல்லாம் புண். அப்போது உள்ளே போனது உப்புப் போட்ட கஞ்சியும், காரமில்லாத பயறுத் துவரனும்தான். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செவ்வாய்தோறும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போன சித்தி ஒருத்தி உண்டு. அவர் எங்கள் வீட்டில் ஒரு நாளும் சத்தமாக ஜெபித்ததில்லை.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு உறவுக்காரர் ஒருவர் அம்மாவை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். அங்கே பிரசங்கித்தவர் தலையில் கைவைத்து, நோய் போய்விட்டது, இனி மருந்து எடுத்தால் அது அவிசுவாசம் என்று சொல்லிவிட்டார். நாலாவது கீமோவுக்குக் கிளம்ப வேண்டிய காலையில் அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. "வேண்டாம் மக்களே, போதும்" என்றார். ராத்திரி அழுதபோதுதான் உண்மை வெளியே வந்தது. கட்டி திரும்ப வந்தால் தன் விசுவாசம் குறைவு என்று ஊர் சொல்லுமே என்ற பயம். நோயின் பாரம் ஒரு பக்கம், குணமாகிக் காட்ட வேண்டிய பாரம் இன்னொரு பக்கம். அந்த இரண்டாவது பாரத்தைச் சுமத்தியது நோயல்ல, நம் ஆட்கள். எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

எங்கள் போதகர் வந்தார். வாதாடவில்லை. யாக்கோபு நிருபத்தில் மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லியிருக்கிறதே, அந்தக் காலத்தில் எண்ணெய் மருந்தும்கூட, நல்ல சமாரியன் காயத்தில் ஊற்றியதும் எண்ணெயும் திராட்சரசமும்தானே என்றார். அப்புறம், "அம்மா, நானும் கூட வாறேன்" என்று சொல்லி எங்களோடு காரில் ஏறினார். மருந்து இறங்கி முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டு நாள் தாமதம், அவ்வளவோடு போயிற்று.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது என்பது என் எண்ணம். பக்கத்து நெய்யூரில் 1838-லேயே மிஷன் ஆஸ்பத்திரி வந்துவிட்டது. 1922-ல் எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் என்ற இங்கிலாந்து அறுவை மருத்துவர், திரும்பும் வழியில் அங்கே நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வேலையை விட்டு அங்கேயே ஊழியத்துக்கு வந்தார். ஜெபிக்கிற ஆள்தான், ஆனால் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இன்று அதே நெய்யூரில் புற்றுநோய்க்கென்றே ஒரு மையம் இருக்கிறது.

குணமாகாது என்று தெரிந்துவிட்டவர்களுக்கு என்ன செய்வது என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். முதலில் வலியைக் கவனியுங்கள். எங்கள் சபையில் வாய்ப்புற்றுநோய் முற்றிய மூப்பர் ஒருவர், வலியைச் சிலுவையாகச் சுமக்கிறேன் என்று மார்ஃபின் என்ற வலிநிவாரணி மாத்திரையைத் தொடாமல் இருந்தார். சுற்றியிருந்தவர்களும் அதை மெச்சினார்கள். 1967-ல் லண்டனில் குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவம் படித்தவர். வலி வந்தபிறகு அல்ல, வருமுன்னே நேரம் தவறாமல் மார்ஃபின் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான். உடம்பு, மனம், குடும்பம், ஆத்துமா எல்லாவற்றின் நோவையும் சேர்த்தே ஒரே வலியாகப் பார்த்தார். இந்தக் கதையைச் சொல்லித்தான் மூப்பரின் மகள் அவரை மாத்திரை எடுக்க வைத்தாள். தூங்கி எழுந்த மறுநாள் அவரே கீர்த்தனை பாடச் சொல்லிக் கேட்டார்.

கத்தோலிக்கர் யாராவது இதைப் படித்தால் ஒன்று: என் மனைவி வீட்டில் பாதிரியார் எண்ணெயோடு வந்தாலே பாட்டிகள் அழத் தொடங்கிவிடுவார்கள், 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயர் அப்படி. 1972-லேயே சடங்கைத் திருத்தி, சாகப்போகிறவர்களுக்கு மட்டும் என்றில்லாமல் கடும் நோயில் இருக்கும் எவருக்கும் என்று ஆக்கிவிட்டார்கள். இப்போதைய பெயர் நோயில்பூசுதல். பெரிய அறுவைக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மற்றபடி, உங்கள் சபை அக்கா தானாகக் கேட்காமல் அவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்காதீர்கள். உபவாச ஜெபத்தில் நீங்கள் உபவாசியுங்கள், அவரைப் பட்டினி போடாதீர்கள். ஸ்கேனுக்குப் போகும் நாளில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'ஏன் எனக்கு' என்று அவர் கேட்டால் பதில் தேட வேண்டாம். யோபுவின் நண்பர்கள் வாயைத் திறக்காமல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். சபையில் யாருக்காவது இந்த நோய் என்று கேள்விப்பட்டால் தூக்குவாளியில் கஞ்சியோடு கிளம்பிவிடுவார். போன மாதம் ஒரு வீட்டுக்குப் போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். அவ்வளவு நேரம் என்னம்மா பேசினீங்க என்றேன்.

"ஒண்ணும் பேசல்ல மக்களே. ரெண்டு பேரும் சீரியல் பாத்தோம்."