வில் கெம்ப் உள்ளே வருகிறார்

அன்புள்ள சார்,

போன வாரம் எங்கள் கல்லூரியில் மாணவர்களோடு உட்கார்ந்து ‘அனானிமஸ்’ படம் பார்த்தோம். 2011இல் ரோலண்ட் எமரிக் எடுத்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியது ஷேக்ஸ்பியர் இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வேர்தான், ஸ்ட்ராட்ஃபோர்டிலிருந்து வந்த அந்த நடிகர் எழுதக்கூடத் தெரியாத ஒரு குடிகாரர், பெயரை மட்டும் கொடுத்துப் பணம் பார்த்தார் என்பது கதை. படம் முடிந்ததும் வகுப்பில் பெரிய சண்டை. பாதிப் பேர் “இதுதான் உண்மையாக இருக்கும், கையுறை தைப்பவர் மகனுக்கு அரண்மனைக்குள் நடப்பது எப்படித் தெரியும்?” என்றார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் இந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டியதே தவறு என்று கோபப்பட்டார். ஒரு மாணவி மட்டும், “யார் எழுதினால் என்ன மேடம், ஹாம்லெட் நன்றாக இருக்கிறது, அது போதாதா?” என்றாள். மூன்று பேருக்குமே என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் நாடகம் எழுதியவர், நடிகர்களோடு வேலை செய்தவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

எம்., நாமக்கல்

அன்புள்ள எம்.,

படத்தைக் காட்டியதில் எந்தத் தவறும் இல்லை. நான் அதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மேடைக் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மரத்தாலான அந்த வட்ட அரங்கில் மழையிலும் சேற்றிலும் நின்றுகொண்டிருக்கிற கூட்டம் ஒரு வசனத்துக்கு மொத்தமாகக் கிளர்ந்தெழுவதை எமரிக் காட்டியிருக்கும் விதத்தில் நாடகத்தின் மேல் உண்மையான காதல் இருக்கிறது. வயதான எலிசபெத்தாக வனெஸ்ஸா ரெட்கிரேவ், இளம் எலிசபெத்தாக அவருடைய சொந்த மகள் ஜோலி ரிச்சர்ட்சன். அந்த ஏற்பாடே அழகு. டி வேராக வரும் ரைஸ் இஃபான்ஸ், எழுதியதைத் தன் பெயரில் வெளியே சொல்ல முடியாத ஒருவனின் வலியைக் கண்ணிலேயே காட்டுகிறார். உங்கள் மாணவர்களில் பாதிப் பேர் நம்பிவிட்டார்கள் என்றால் அதற்கு முதல் காரணம் அவர்தான் என்று நினைக்கிறேன்.

வரலாற்றுப் பிழைகளைப் பட்டியல் போட எனக்கு ஆசையில்லை. 1593 மே மாதமே டெட்ஃபோர்டில் கத்திக்குத்தில் இறந்துபோன நாடகாசிரியர் மார்லோ படத்தில் அதற்குப் பல வருடம் கழித்தும் நடமாடுகிறார், சரி, சரித்திரப் படத்தில் காலத்தை முன்னே பின்னே நகர்த்துவது புதிதில்லை, ஷேக்ஸ்பியரே செய்திருக்கிறார். ஆனால் ஒரு மாற்றத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். எசெக்ஸ் பிரபு ராணிக்கு எதிராகக் கிளம்பியது 1601 பிப்ரவரி 8. அதற்கு முந்தைய நாள் அவருடைய ஆட்கள், வழக்கமான வசூலுக்கு மேல் நாற்பது ஷில்லிங் கொடுத்து, ஷேக்ஸ்பியரின் குழுவை ஒரு நாடகம் போடச் சொன்னார்கள். அது ‘இரண்டாம் ரிச்சர்ட்’, ஓர் அரசனின் முடி பறிக்கப்படும் கதை. படத்தில் இதை ‘மூன்றாம் ரிச்சர்ட்’ ஆக்கிவிட்டார்கள், ராணியின் அமைச்சர், கூனனான ராபர்ட் செசிலைக் கூன் விழுந்த ரிச்சர்டோடு பொருத்திக் காட்ட வேண்டும் என்பதற்காக. அதுகூடப் பரவாயில்லை. டி வேரை எசெக்ஸ் பக்கத்து ஆளாகவும், எசெக்ஸோடு சேர்ந்து சிக்கிய சவுத்தாம்ப்டன் பிரபுவை டி வேரின் ரகசிய மகனாகவும் காட்டுகிறார்களே, நடந்தது என்ன தெரியுமா? எசெக்ஸையும் சவுத்தாம்ப்டனையும் விசாரித்துக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்ன பிரபுக்களில் டி வேரும் ஒருவர். அதே விவகாரத்தில் நாடகக் குழுவின் சார்பாக அகஸ்டின் ஃபிலிப்ஸ் என்ற நடிகரையும் விசாரித்தார்கள். குழுவில் யாருக்கும் தண்டனை இல்லை. எசெக்ஸின் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய இரவு அதே குழு ராணியின் முன்னால் நாடகம் போட்டது. படம் கற்பனை செய்ததைவிட இது பயங்கரமான காட்சி, இதை எடுத்திருக்கலாமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஆனால் படத்தோடு எனக்குள்ள சண்டை இதெல்லாம் இல்லை. ஒரு காட்சியில் டி வேர் தன் அறையில், எழுதி முடித்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் நாடகங்களை, அந்தக் காலத்து இன்னொரு நாடகாசிரியரான பென் ஜான்சனுக்குக் காட்டுகிறார் இல்லையா, அந்த அலமாரிதான் எனக்குப் பிரச்சினை. நாடகம் அலமாரியிலிருந்து வராது. நான் பதினைந்து வருடம் ஒரு சின்ன நாடகக் குழுவுக்கு எழுதினேன். என் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தால் பாதி இடங்களில் பாத்திரத்தின் பெயரே இருக்காது, நடிகரின் பெயர்தான் இருக்கும். எழுதும்போது எனக்குக் காதில் கேட்டது அந்த நடிகரின் குரல், அவர் மூச்சு வாங்கும் இடம், அவர் நின்றால் ஜனங்கள் எங்கே சிரிப்பார்கள் என்பது. கை தானாக அவர் பெயரை எழுதிவிடும்.

1599இல் அச்சான ‘ரோமியோ ஜூலியட்’ இரண்டாம் பதிப்பில், வேலைக்காரன் பீட்டர் மேடைக்கு வரவேண்டிய ஓரிடத்தில் பீட்டர் என்று இல்லை. “வில் கெம்ப் உள்ளே வருகிறார்” என்று இருக்கிறது. வில் கெம்ப் அந்தக் குழுவின் கோமாளி நடிகர், லண்டனில் பெரிய பெயர், 1600இல் லண்டனிலிருந்து நாரிச் வரைக்கும் ஆடிக்கொண்டே போன மனிதர். அதே வருடம் அச்சான ‘மச் அடோ அபௌட் நத்திங்’ நாடகத்தில் டாக்பெரி என்ற காவல்காரன் பேசவேண்டிய வசனங்களுக்குப் பக்கத்தில் கெம்ப் என்றும், அவனுடைய கிழட்டுக் கூட்டாளி பேசவேண்டிய இடங்களில் கௌலி என்றும் அச்சாகியிருக்கிறது. ரிச்சர்ட் கௌலியும் அதே குழுவின் நடிகர். எழுதியவரின் கைப்பிரதியிலிருந்து அச்சுக்கோத்தவர்கள் அப்படியே விட்டுவிட்டது என்றுதான் அறிஞர்கள் சொல்கிறார்கள். முதல் முறை இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானூறு வருடம் தள்ளி இருந்த ஒருவர் என் நோட்டில் நடந்த அதே காரியத்தைச் செய்திருக்கிறார்.

அப்புறம் கெம்ப் குழுவை விட்டுப் போகிறார், ராபர்ட் ஆர்மின் வருகிறார். தட்டான் தொழில் பழகியவர், நன்றாகப் பாடுவார், குத்தலாகப் பேசக்கூடியவர். உடனே நாடகங்களில் கோமாளியின் குணமே மாறிவிடுகிறது. தடுமாறிப் பேசி விழுந்து எழும் டாக்பெரி போய், ‘ட்வெல்ஃப்த் நைட்’டில் பாட்டுப் பாடும் ஃபெஸ்ட்டே வருகிறான், லியர் அரசனோடு புயலில் அலைகிற கோமாளி வருகிறான். ஓர் அறையில் தனியாக உட்கார்ந்து, பல வருடங்களுக்கு முன்பே நாடகங்களை எழுதி அடுக்கி வைத்துவிட்ட பிரபுவுக்கு, எந்த வருடம் எந்த நடிகர் குழுவை விட்டுப் போவார் என்று எப்படித் தெரிந்திருக்கும்?

படத்தில் சின்னப் பையனான டி வேர் ‘மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தை ராணியின் முன்னால் அரங்கேற்றுகிறான். அந்த நாடகத்தில் தச்சரும் நெசவாளியும் தையல்காரரும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பார்கள், நினைவிருக்கிறதா? மேடையில் நிலா வெளிச்சத்துக்கு என்ன செய்வது, சிங்கம் வந்தால் பெண்கள் பயந்துவிடுவார்களே, எல்லாப் பாத்திரத்தையும் நானே நடிக்கிறேன் என்று அடம்பிடிக்கும் ஆளை எப்படிச் சமாளிப்பது என்று. ஒத்திகையில் கிடந்து புழுங்கியவர்களுக்குத்தான் அதில் இருக்கும் பாசம் புரியும்.

உங்கள் மாணவர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன், கையுறை தைப்பவர் மகனுக்கு அரண்மனை எப்படித் தெரியும்? அந்தக் கையுறைக்காரர், ஜான் ஷேக்ஸ்பியர், 1568இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் நகரத் தலைவர். ஊரில் நல்ல இலக்கணப் பள்ளி இருந்தது, லத்தீனில் ஊறப்போடுவார்கள். அந்தப் பள்ளியின் பதிவேடுகள் இன்று இல்லை, அவர் படித்தார் என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை என்பதைச் சந்தேகப்படுபவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் பையனோடு ஒரே ஊரில் வளர்ந்த தோல் பதனிடுபவர் மகன் ரிச்சர்ட் ஃபீல்ட் லண்டனில் அச்சகம் வைத்தார், 1593இல் ஷேக்ஸ்பியரின் ‘வீனஸ் அண்ட் அடோனிஸ்’ கவிதையை அச்சடித்ததும் அவர்தான். அரண்மனையைப் பொறுத்தவரை, அவருடைய குழு ராணிக்கு முன்னாலும் பிறகு ஜேம்ஸ் அரசருக்கு முன்னாலும் பல முறை நடித்தது. 1604இல் அரசரின் ஊர்வலத்துக்காக நாலரை கெஜம் சிவப்புத் துணி பெற்ற நடிகர்களின் பட்டியலில் முதல் பெயரே ஷேக்ஸ்பியர்.

பென் ஜான்சனைப் பாருங்கள். கொத்தனாரின் வளர்ப்பு மகன், தானும் செங்கல் வேலை செய்தவர், பல்கலைக்கழகம் போகாதவர், ஷேக்ஸ்பியரைவிடப் பல மடங்கு படிப்பாளி. ஜான்சனின் நாடகங்களை ஒரு பிரபுதான் எழுதியிருப்பார் என்று யாரும் சொல்வதில்லை. மற்றவர்களைவிட அதிக உயரம் போனவரிடம் மட்டும்தான், உன் அப்பா யார் என்று கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அந்த ஜான்சனையே படம் பொய்ச்சாட்சி ஆக்குகிறது. நிஜ ஜான்சன் தன் குறிப்புகளில் ஷேக்ஸ்பியரைப் பற்றி என்ன எழுதினார்? அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட அடித்ததில்லை என்று நடிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள், ஆயிரம் வரியை அடித்திருக்கலாமே என்று நான் சொன்னேன், அந்த மனிதரை நான் நேசித்தேன் என்று. பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதே தொழிலைச் செய்யும் ஒருவரைப் பற்றித்தான் இப்படிக் குறையும் அன்பும் கலந்து எழுத முடியும்.

டி வேர் இறந்தது 1604 ஜூன். ‘மேக்பெத்’, ‘டெம்பெஸ்ட்’ எல்லாம் அதற்குப் பிறகு மேடையேறியவை. மிச்சத்தை அலமாரியில் விட்டுப்போனார் என்கிறது படம். சரி, ‘டூ நோபில் கின்ஸ்மென்’ நாடகத்தை 1613 வாக்கில் ஜான் ஃப்ளெட்சரோடு சேர்ந்து எழுதியது யார்? 1634இல் அச்சானபோது அட்டையில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. இன்னொன்று, 1598இல் ஃபிரான்சிஸ் மியர்ஸ் தன் காலத்து எழுத்தாளர்களைப் பட்டியலிட்டபோது இன்பியல் நாடகத்தில் சிறந்தவர்களாக ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவையும் ஷேக்ஸ்பியரையும் தனித்தனியாகச் சொல்கிறார்.

இந்தக் கருத்தை நம்புபவர்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன், உங்கள் பேராசிரியரோடு நான் முரண்படுவது அதில்தான். டி வேர் பெயரை முதலில் முன்வைத்தது 1920இல் ஓர் இங்கிலாந்துப் பள்ளி ஆசிரியர். ஃப்ராய்டே அதை நம்பினார். படத்தின் தொடக்கத்தில் வந்து பேசும் டெரக் ஜேக்கபி, நடித்திருக்கும் மார்க் ரைலன்ஸ் இருவரும் வாழ்நாளெல்லாம் ஷேக்ஸ்பியரை மேடையில் சுமந்தவர்கள், இருவருமே சந்தேகப்படுபவர்கள். ஒன்றை அளவுக்கு மீறி நேசிக்கிறவர்களுக்கு, அதைச் செய்தவரின் வாழ்க்கையும் அதே அளவுக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. உயிலில் படுக்கையையும் மோதிரத்தையும் எண்ணி எழுதிய ஒரு வீட்டுக்காரரை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஆனால் அதே உயிலில்தான் பர்பேஜ், ஹெமிங்ஸ், காண்டெல் என்று மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் ஒதுக்கியிருக்கிறார். அவர்களில் ஹெமிங்ஸும் காண்டெலும்தான் 1623இல் 36 நாடகங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவற்றில் பாதி, அதாவது 18 நாடகங்கள், அதற்கு முன்னால் அச்சேறியதே இல்லை. அந்த இரண்டு நடிகர்கள் இல்லையென்றால் நமக்கு ‘மேக்பெத்’ கிடைத்திருக்காது.

கடைசியாக உங்கள் மாணவி. ஹாம்லெட்டைப் படித்து அழுவதற்கு எழுதியவரின் பெயர் வேண்டாம்தான், அவள் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு வேலையைச் செய்தவரிடமிருந்து பிடுங்கி, அந்தஸ்து உள்ள இன்னொருவர் கையில் கொடுத்தால், செய்தவருக்கு நாம் ஓர் அநியாயம் செய்கிறோம், அவர் செத்து நானூறு வருடம் ஆகியிருந்தாலும். அது அந்த வேலையைப் பற்றி நமக்கு இருக்கும் புரிதலையும் கெடுத்துவிடுகிறது.

பிரிட்டிஷ் நூலகத்தில் ‘சர் தாமஸ் மோர்’ என்ற நாடகத்தின் கைப்பிரதி இருக்கிறது. பல பேர் சேர்ந்து எழுதியது, பல கையெழுத்துகள். அதில் மூன்று பக்கங்கள் ஷேக்ஸ்பியரின் கையெழுத்து என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களை விரட்டவேண்டும் என்று லண்டனில் கலவரம் செய்யும் கூட்டத்திடம், முதுகில் குழந்தையும் கூடவே மூட்டையுமாக அவர்கள் துறைமுகத்துக்கு நடந்து போவதை நினைத்துப் பாருங்கள் என்று மோர் பேசுகிற இடம். நிறுத்தக்குறிகள் அவ்வளவாக இல்லை, அங்கங்கே அடித்தல் திருத்தல் இருக்கிறது, இன்னொருவர் கை வந்து சில வரிகளை மாற்றியிருக்கிறது. இணையத்தில் அந்தப் பக்கங்களின் படம் கிடைக்கும். அடுத்த வகுப்பில் அதைத் திரையில் போடுங்கள், பக்கத்திலேயே 1599ஆம் வருடத்து ‘ரோமியோ ஜூலியட்’ பக்கத்தையும். கெம்ப் பெயர் எங்கே இருக்கிறது என்று அந்த மாணவியையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.