மாட் ஸ்டைலா? முதலில் தையற்கடைக்குப் போங்கள்

கேள்வி: "1960களின் லண்டன் மாட் ஸ்டைல் என்றால் எனக்கு உயிர். பச்சைப் பார்க்கா (தொப்பி வைத்த நீள மேல்கோட்டு) ஒன்று ஆர்டர் போடப் போகிறேன், பழைய லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் ஒன்றும் விலைக்கு வருகிறது. இரண்டும் இருந்தால் போதுமா? நம்ம நிறத்துக்கு இதெல்லாம் எடுபடுமா என்றும் ஒரு தயக்கம்."

இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். அந்தப் பார்க்கா அமெரிக்க ராணுவம் கழித்துக்கட்டிய மலிவுச் சரக்கு. ஸ்கூட்டரில் போகும்போது உள்ளே போட்டிருக்கும் கோட்-சூட்டில் சேறும் கிரீஸும் படக்கூடாது என்றுதான் அந்தக் கால மாட் பையன்கள் அதை மேலே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் சம்பளத்தைக் கொட்டியது அந்த சூட்டில்.

அதனால் பணத்தை டெய்லரிடம் செலவழியுங்கள். 1950களின் கடைசியில் மாடர்ன் ஜாஸ் கேட்டுத் திரிந்த லண்டன் பையன்கள் இத்தாலிய சூட்டின் வெட்டைப் பார்த்துவிட்டு, கோட்டின் பின்பக்க ஓப்பன் (கீழே பிளந்துவிடும் இடம்) எத்தனை அங்குலம் என்பதுவரை தையற்காரரோடு வாதாடித் தைத்தார்கள், அந்தப் பிடிவாதம்தான் மாட். நீங்கள் சொல்ல வேண்டியது: மூன்று பட்டன், ஒடுக்கமான லேபல் (மார்பில் மடிந்து நிற்கும் காலர் பகுதி), தோளில் பஞ்சு வேண்டாம், பின்னால் இரண்டு பக்கமும் ஓப்பன், ஒல்லியான பேன்ட், கீழே மடிப்பு கிடையாது, ஷூ மேல் துணி குவியவே கூடாது. அடர் நீலம் அல்லது கரும்சாம்பல், மெல்லிய கம்பளித் துணி. ட்ரையல் பார்க்காமல் வாங்கி வராதீர்கள். சூட்டுக்குக் கையில் காசு இல்லையா, பரவாயில்லை: கழுத்துவரை பட்டன் போட்ட போலோ சட்டை, நேர்வெட்டு ஜீன்ஸ், மணல் நிற டெசர்ட் பூட்ஸ். பெண்ணாக இருந்தால் முழங்காலுக்கு மேல் நிற்கும் நேர்கவுன், தட்டையான ஷூ, லண்டன் முடியலங்காரக் கலைஞர் விடால் சசூன் பாணியில் குட்டையாக வெட்டிய முடி. வட்டக் குறி பேட்ஜும் பிரிட்டிஷ் கொடி கோட்டும் வேண்டவே வேண்டாம், மாறுவேடப் போட்டி மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் பாட்டு. இது இல்லாமல் உடை மட்டும் நிற்காது. தி ஹூ, ஸ்மால் ஃபேசஸ் என்ற இரண்டு ராக் குழுக்களையும் எல்லோரும் சொல்வார்கள், கேளுங்கள், ஆனால் அந்தப் பையன்கள் விடிய விடிய ஆடியது பெரும்பாலும் கறுப்பர்களின் இசைக்கு: மோடவுன், ஸ்டாக்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் பாட்டுகள், பாடகர் ஜேம்ஸ் பிரவுன், ஜமைக்காவின் பிரின்ஸ் பஸ்டர். லண்டன் சோஹோவில் வார்டர் தெருவின் ஃபிளமிங்கோ கிளப்பில் பாடகர் ஜார்ஜி ஃபேம் வாசித்த இரவுகளில் கரீபியன் தீவுக்காரர்களும் கறுப்பு அமெரிக்க ராணுவத்தினரும் வெள்ளைக்காரப் பையன்களும் ஒரே தளத்தில் ஆடினார்கள். இத்தாலியத் தையல், அமெரிக்கப் பாட்டு, ஜமைக்கத் தாளம் என்று கடன் வாங்கியே உருவான ஸ்டைல் இது. இதில் நிறம் பார்த்துத் தயங்க என்ன இருக்கிறது? தைரியமாகப் போடுங்கள். இரவெல்லாம் விழித்திருக்க அவர்கள் போட்ட மாத்திரைகளை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சரி, ஸ்கூட்டர். இத்தாலியில் இன்னொசென்டி நிறுவனம் லாம்ப்ரெட்டாவைக் கைவிட்டதும் அந்த இயந்திரங்களை நம் அரசு வாங்கி, 1972-ல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவைத் தொடங்கியது. விஜய் சூப்பர் அங்கே வந்த வண்டிதான். அதனால் பழைய பாகங்கள் தேடினால் கிடைக்கும். வாங்குவதானால் பளபள பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீர்கள், கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் துரு இருக்கிறதா, சேசிஸ் எண் ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், டூ ஸ்ட்ரோக் எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக் ஒருவரையும் கூடவே கூட்டிப் போங்கள்.