எதிரே வரும் விமானம் விமானியின் கண்ணில் படாமல் போவது ஏன்?

மட்டக்களப்பு வாவிக்கு மேலே, வெட்டவெளி வானத்தில், இரண்டு சின்ன விமானங்கள் மோதுமளவுக்கு நெருங்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும். வானம் தெளிவாக இருப்பது மட்டும் போதாது.

மோதப்போகும் விமானம் விமானியின் முன்கண்ணாடியில் நகராது. கல்லடிப் பாலத்தில் போகும் மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில் நகர்வதால் உடனே கண்ணில் படும். மோதும் பாதையில் வருவதோ ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் அந்தப் புள்ளி விழுந்தால் கடைசிவரை அங்கேயே மறைந்திருக்கும். அதனால் தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். இரண்டும் தலா 100 நொட் (மணிக்குச் சுமார் 185 கிலோமீற்றர்) வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் நொடிக்குச் சுமார் 103 மீற்றர் இடைவெளி குறையும். கண்டு, உணர்ந்து, திருப்பி, விமானம் விலகுவதற்கு ஏறத்தாழ 12.5 நொடி பிடிக்கும் என்பது பயிற்சியில் சொல்லும் கணக்கு. அதாவது 1.3 கிலோமீற்றருக்கு முன்பே கண்டிருக்க வேண்டும். அந்தத் தூரத்தில் 11 மீற்றர் இறக்கை, நீட்டிய கையின் சுண்டுவிரலில் பாதி அகலம்தான்.

வானத்தைப் பத்துப் பாகை அகலமுள்ள பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்துங்கள். ஓடுகிற கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. செஸ்னா போல, இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கும் விமானமென்றால், திரும்பும் பக்கத்தை இறக்கையே மறைக்கும். முதலில் அதைச் சற்று உயர்த்திப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். காலையில் கடல் பக்கம் சூரியன் கூசும், அங்கே கூடுதல் கவனம்.

நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம் விலக வேண்டும். குறுக்கே வந்தால், மற்றவரைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் வழிவிட வேண்டும்.