எச்-இன்டெக்ஸ் 14-ஆ, 9-ஆ: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

கேள்வி: பதவி உயர்வு விண்ணப்பத்தில் எச்-இன்டெக்ஸ் கேட்கிறார்கள். கூகுள் ஸ்காலரில் 14, ஸ்கோபஸில் 9 என்று வருகிறது. எது சரி? நான் கணிதத் துறை. என்னோடு வேலைக்குச் சேர்ந்த உயிரியல் நண்பருக்கு 25. அவ்வளவு பின்தங்கிவிட்டேனா?

பதில்: இரண்டு எண்ணுமே சரிதான். எச்-இன்டெக்ஸ் 9 என்றால், ஒவ்வொன்றும் குறைந்தது 9 முறை பிறர் கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்ட 9 கட்டுரைகள் உங்களுக்கு இருக்கின்றன என்று பொருள். எந்தத் தளம் எண்ணுகிறது என்பதைப் பொறுத்து அது மாறும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய வரைவு என்று இணையத்தில் கிடைக்கும் எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள்களை அள்ளிக்கொள்ளும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தான் தேர்ந்தெடுத்த இதழ்கள், மாநாட்டுத் தொகுப்புகள், நூல்களை மட்டுமே பார்க்கும். விண்ணப்பத்தில் தளம் குறிப்பிட்டிருந்தால் அந்த எண். இல்லையென்றால் ‘9 (ஸ்கோபஸ்)’ என்று எழுதி, பார்த்த தேதியையும் போடுங்கள். அதற்கு முன் உங்கள் பக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். அதே பெயர் கொண்ட வேறொருவரின் கட்டுரை உள்ளே நுழைந்திருக்கலாம். இனிஷியல் மாறியதால் உங்களுடையதே இரண்டு பக்கங்களாகப் பிரிந்தும் கிடக்கலாம்.

இந்த அளவுகோலை 2005-இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். உங்கள் கட்டுரைகள் ஏழுக்கு 40, 22, 11, 6, 5, 3, 1 என்று மேற்கோள்கள் இருப்பதாக வையுங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு 5 இருக்கிறது, ஆறாவதற்கு 6 இல்லை. ஆக, எச் 5. முதல் கட்டுரையின் 40 மேற்கோள் நாளைக்கே 4,000 ஆனாலும் எச் 5-தான்! இதனால்தான் இந்த எண்ணை மட்டும் வைத்து ஆளை எடைபோடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

நண்பரின் 25-க்கு வருவோம். உயிரியலில் ஒரு கட்டுரையின் பின்னால் நீளமான மேற்கோள் பட்டியல் இருக்கும், ஆசிரியர்களும் பலர். கணிதத்தில் இரண்டும் குறைவு. மேற்கோள் வந்து சேரவும் வருடங்கள் ஆகும். அதனால் துறை தாண்டி எச்-ஐ ஒப்பிடவே கூடாது. ஒப்பிட்டே தீர வேண்டுமென்றால் ஸ்கோபஸ் தரவிலிருந்தே கணக்கிடப்படும் துறைவாரி மேற்கோள் விகிதத்தைக் கேளுங்கள். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். உலகச் சராசரி 1. சராசரி 3 மேற்கோள் இருக்கும் இடத்தில் உங்களுக்கு 6 என்றால் 2 வரும். சராசரி 20 இருக்கும் இடத்தில் 15 வாங்கியவருக்கு 0.75-தான். ஒன்றிரண்டு கட்டுரைகளை வைத்து இதைப் போட்டால் தாறுமாறாக ஆடும் என்பதையும் மறக்காதீர்கள்.

அப்புறம், இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை உங்கள் கட்டுரையின் மதிப்பாகக் காட்டாதீர்கள். அது முந்தைய இரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு அந்த ஆண்டில் வந்த மேற்கோள்களின் சராசரி; சில கட்டுரைகளே அதைத் தூக்கி நிறுத்தும். அந்த இடத்தில் உங்கள் சிறந்த இரண்டு கட்டுரைகள் எந்தக் கேள்வியைத் தீர்த்தன, அவற்றை யார் பயன்படுத்தினார்கள் என்று நான்கு வரி எழுதுங்கள்.