விமானி கண்ணயர்ந்தால்? வாசகர் கேள்வி – பதில்

இரவு விமானங்கள் பற்றியும் விமானிகளின் அசதி பற்றியும் டெல்டா மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எனக்கு 67 வயது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நடுராத்திரி விமானத்தில்தான் திருச்சிக்கு வருவான். விமானிகள் இரண்டு பேருமே தூங்கிவிட்டதாகச் செய்தியில் படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. அப்படி நடக்குமா? நடந்தால் விமானம் விழுந்துவிடுமா?
– வாசகி, பாபநாசம்

நடந்திருக்கிறது, அம்மா. 2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் கெண்டாரியிலிருந்து ஜகார்த்தா போன பாத்திக் ஏர் விமானத்தில் இரு விமானிகளும் ஒரே சமயத்தில் சுமார் 28 நிமிடம் தூங்கிவிட்டார்கள். கேப்டன் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். பொறுப்பை ஏற்ற துணை விமானியின் வீட்டில் ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். சரியான தூக்கமில்லாமல் வந்திருந்த அவர் தன்னை அறியாமல் அயர்ந்துவிட்டார். கேப்டன் விழித்துப் பார்த்தபோது விமானம் பாதை விலகியிருந்தது. சரிசெய்து இறக்கினார். 153 பயணிகளில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விமானம் உடனே விழுந்துவிடாது. உயரத்தை எட்டியபின் ஆட்டோபைலட் அதே உயரத்தில், கணினியில் ஏற்றிவைத்த பாதையில் ஓட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் தானாகக் கீழே இறங்கத் தொடங்காது. இறங்க வேண்டிய உயரத்தை விமானிதான் திருகி வைத்து அழுத்த வேண்டும். அதனால்தான் இப்படிப்பட்ட சமயங்களில் விமானம் இறங்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. 2022 ஆகஸ்டில் கார்ட்டூமிலிருந்து வந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் 37,000 அடி உயரத்திலேயே அடிஸ் அபாபாவைக் கடந்தது. ஆட்டோபைலட் விடுபட்டு அபாய ஒலி எழுந்தபோதுதான் விமானிகள் விழித்தார்கள். பிறகு சுற்றி வந்து பத்திரமாக இறங்கினார்கள்.

எழுப்புவதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் 121.5 என்ற அவசர அலைவரிசையில் கூப்பிடுவார்கள். பக்கத்தில் பறக்கும் விமானத்தைக் கூப்பிடச் சொல்வார்கள். பணிப்பெண்கள் இன்டர்காமில் விமானி அறையை, அதாவது காக்பிட்டை, விசாரிப்பார்கள். போயிங் 777 போன்ற விமானங்களில் விமானிகள் வெகுநேரம் எந்தச் சுவிட்சையும் தொடாவிட்டால் திரையில் எச்சரிக்கை வரும். அதையும் கவனிக்காவிட்டால் ஒலி எழும்.

மங்களூர் விபத்துக்குத் தூக்கம்தான் காரணம் என்கிறார்கள். தூங்கி எழுந்தால் தெளிவாகத்தானே இருக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்த உடனே தெளிவு வராது. சின்னப் பிள்ளையை நடுச்சாமத்தில் எழுப்பிப் பெயரைக் கேட்டால் விழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரியவர்களுக்கும் அதே மப்புதான், வெளியே தெரிவதில்லை. கண் திறந்திருக்கும், கை வேலை செய்யும், முடிவெடுக்கும் அறிவு மட்டும் பின்தங்கியிருக்கும். சாதாரணமாக 20 முதல் 30 நிமிடம், கடும் தூக்கக் கடனில், அதாவது போதிய தூக்கமில்லாமல் சேர்ந்த பற்றாக்குறையில், இருந்தால் இன்னும் அதிக நேரம் அது நீடிக்கும்.

2010 மே 22 காலை துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812-இல் நடந்தது இதுதான். காக்பிட் குரல்பதிவில் இருந்தது சுமார் 2 மணி 5 நிமிடம். அதில் முதல் 1 மணி 40 நிமிடம் கேப்டன் தூங்கியிருக்கிறார், குறட்டை பதிவாகியிருக்கிறது. இறங்குவதற்குச் சற்று முன் எழுந்தவர், விமானம் மிக உயரத்தில் வருவதைச் சரியாகக் கணிக்கவில்லை. துணை விமானி மூன்று முறை இறங்க வேண்டாம், மறுபடி மேலே ஏறலாம் என்று சொல்லியும் தொடர்ந்தார். 8,000 அடி ஓடுதளத்தில் சுமார் 5,200 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். சீரற்ற இறக்கத்தைக் கைவிடாததே நேரடிக் காரணம் என்ற விசாரணை அறிக்கை, நீண்ட தூக்கமும் எழுந்த மப்பும் அதற்குத் துணைபோனதாகச் சொன்னது. உயரத்தில் தூங்கியதைவிட, எழுந்து போதிய நேரம் கழியும்முன் விமானத்தை இறக்க முற்பட்டதே ஆபத்தாக முடிந்தது.

அப்படியென்றால் விமானி தூங்குவதற்கு அனுமதியே இருக்கிறதா?
– வாசகர், மன்னார்குடி

ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கிறது; அமெரிக்காவில் இல்லை. இதைக் கட்டுப்பாட்டு ஓய்வு என்கிறார்கள். முறை கறாரானது. ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும். வேலை குறைந்த, சமமாகப் பறக்கும் நேரத்தில் மட்டும். ஓய்வெடுப்பவர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிப் பெல்ட்டைக் கட்டிக்கொள்வார், கால் எந்த மிதிபலகையிலும் படக்கூடாது என்பதற்காக. மொத்தம் 45 நிமிடத்துக்கு மேல் கூடாது. எழுந்தபின் குறைந்தது 20 நிமிடம் அவரிடம் வேலை எதையும் ஒப்படைக்கக் கூடாது. இறங்கத் தொடங்குவதற்கு வெகுமுன்பே எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மூத்த பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லி, எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும் என்று பேசிவைக்க வேண்டும். விழித்திருப்பவரும் அயர்ந்துவிட்டால் காப்பாற்றுவது அந்த அழைப்புதான்.

அமெரிக்காவின் நாசா நடத்திய சோதனையில், 40 நிமிட வாய்ப்புக் கொடுத்தபோது விமானிகள் சராசரியாக 26 நிமிடம் தூங்கினார்கள். தூங்காத குழுவைவிட அவர்கள் இறங்கும் நேரத்தில் நல்ல விழிப்போடு இருந்தார்கள். ரகசியமாக அசருவதைவிடச் சொல்லிவிட்டு 30 நிமிடம் தூங்குவது மேல் என்பதே எங்கள் கருத்து. தூக்கத்தை ஒளிக்க வைக்கும் தடையால் இருவரும் ஒரே நேரத்தில் அயரும் வாய்ப்புத்தான் கூடுகிறது.

நல்ல ஓட்டல் அறை கொடுக்கிறார்கள். பகலில் தூங்கிவிட்டு வரலாமே?
– வாசகர், நாகப்பட்டினம்

சிவராத்திரிக்குக் கண்விழித்தவர்களைக் கேளுங்கள். முதல் இரண்டு காலப் பூஜையில் யாருக்கும் தூக்கம் வராது. நாலாம் காலத்தில்தான் தலை ஆடும். விடிந்து வெயில் ஏறினால் கொஞ்சம் தெளியும். முதல் நாள் பகல் முழுக்கத் தூங்கியிருந்தாலும் இது மாறாது. விடியற்காலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையே உடல் வெப்பம் இறங்கி, விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும். அது உடல் கடிகாரத்தின் வேலை. அதே கடிகாரம்தான் பகல் 11 மணிக்குப் படுத்தவரைத் தூங்கவிடாமல் புரட்டுகிறது.

திருச்சி – சிங்கப்பூர் ஒருவழி சுமார் 4 மணி நேரம். ஒரே இரவில் போய்த் திரும்பும் விமானி, இறங்கும் வேலையை இந்த மோசமான நேரத்திலேயே செய்ய நேரலாம். அதோடு காக்பிட்டின் மங்கல் வெளிச்சம், ஒரே சீரான இரைச்சல், வறண்ட காற்று, கையைக் காலை அசைக்க வேலையின்மை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவருக்குச் சமமாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

டிகிரி காபி குடித்தால் போதாதா?
– வாசகர், கும்பகோணம்

குடித்து 20 – 30 நிமிடம் கழித்துத்தான் ஏறும். பாதிக் காஃபின் 5 – 6 மணி நேரம் உடலில் தங்கி, ஓட்டலில் தூங்க வேண்டிய நேரத்தைக் கெடுக்கும். தூக்கத்தைத் தள்ளிப்போடும், கடனைத் தீர்க்காது.

விமானி ஆக வேண்டும் என்பது ஆசை. தூங்கும்போது பலமாகக் குறட்டை விடுகிறேன். வேலைக்குத் தடையாகுமா?
– மாணவர், திருவாரூர்

இப்போதே மருத்துவரைப் பாருங்கள். 2008 பிப்ரவரி 13 அன்று ஹவாயில் ஹோனலூலுவிலிருந்து ஹிலோ போன சிறு விமானத்தில் இரு விமானிகளும் தூங்கி, 18 நிமிடம் தொடர்பில்லாமல் போனது. அது ராத்திரியல்ல, காலை நேரம். தொடர்ந்து மூன்றாம் நாளாக அதிகாலை டியூட்டி. கேப்டனுக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்தது பிறகே தெரிந்தது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோய் அது. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூக்கம் நிறையாது. ஒரு இரவுத் தூக்கப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். எடைக் குறைப்பும், தூங்கும்போது காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்துவைக்கும் சிபாப் முகமூடியும் நன்றாகவே கட்டுப்படுத்தும். சிகிச்சையில் இருப்பவரை மருத்துவக் குழு பரிசீலிக்கும். மறைத்து வைப்பதுதான் தொழிலுக்கு ஆபத்து.

நம் நாட்டு விதி என்ன?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

விமானிகளின் பணி, ஓய்வு நேர விதியை, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ 2024 ஜனவரியில் திருத்தி, 2025-இல் இரண்டு கட்டமாக அமலாக்கியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது 12 முதல் 5 வரை இருந்தது, 6 வரை நீண்டது. இரவில் 6 முறை இறங்கலாம் என்றிருந்தது 2 முறையாகக் குறைந்தது. 2025 டிசம்பரில் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது சில பகுதிகளுக்குத் தற்காலிகத் தளர்வு தரப்பட்டது. ஆள் போதவில்லை என்றால் விமானத்தைக் குறைக்க வேண்டும், ஓய்வைக் குறைக்கக் கூடாது.

மகளைத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர ராத்திரி வேன் பிடிக்கிறோம். டிரைவர் தூங்காமல் இருக்க என்ன செய்ய?
– வாசகர், ஒரத்தநாடு

விமானத்தில் ஆட்டோபைலட் இருக்கிறது, வேனில் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி கண் மூடினால் வண்டி 90 மீட்டர் ஓடிவிடும்.

பகலெல்லாம் ஓட்டிய டிரைவரை எடுக்காதீர்கள். மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கினீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். விமானம் ஒன்றரை மணிக்கு வந்தால் பெட்டி எடுத்து வெளியே வர இரண்டரை ஆகும். திரும்பும் பயணம் முழுதும் மோசமான நேரத்தில் விழும். முடிந்தால் ஏர்போர்ட்டிலேயே விடியும்வரை இருந்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் காத்திருக்கும் நேரத்தில் டிரைவரைத் தூங்கவிடுங்கள், விமானம் இறங்கிவிட்டதா என்று அவரைப் பார்க்கச் சொல்லாதீர்கள்.

கடந்து வந்த ஊர் நினைவில்லை, கோடு தாண்டி டயர் சரளைக் கல்லில் ஏறுகிறது, கொட்டாவி ஓயவில்லை: இதில் ஒன்று வந்தாலும் நிறுத்த வேண்டும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடம்தான் தாங்கும். துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் பக்கம் வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்கில் ஒதுங்குங்கள். சாலையோரத்தில் நிறுத்தக் கூடாது, பின்னால் வரும் லாரிக்காரரும் தூக்கத்தில் இருக்கலாம். ஒரு காபி குடித்துவிட்டு உடனே படுக்கட்டும், செல்போனில் 20 நிமிட அலாரம் வையுங்கள். காபி ஏறும் நேரமும் எழும் நேரமும் சரியாக இருக்கும். முகம் கழுவி, கால் மணி நேரம் நடந்தபிறகு சாவியைத் திருப்பட்டும். முன் சீட்டில் மகளை உட்காரவைக்காதீர்கள், அவர் அசதியில் தூங்கிவிடுவார். விழித்திருந்து பேச்சுக் கொடுக்கும் ஒருவர் அங்கே உட்கார வேண்டும்.