மேரிலாந்து நண்பருக்கு ரைஃபிளை விற்கலாமா?

வணக்கம். நீங்கள் பென்சில்வேனியாவில் இருக்கிறீர்கள். மேரிலாந்தில் குடியிருக்கும், எச்1பி விசாவிலுள்ள அலுவலக நண்பருக்கு வேட்டை ரைஃபிளை நேரில் கொடுத்துப் பணம் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

"நீளத் துப்பாக்கிக்குப் பின்னணிச் சோதனை (வாங்குபவருக்குத் துப்பாக்கி வாங்கத் தடை உண்டா என்று பார்ப்பது) வேண்டாம்" என்று உங்களிடம் சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். பென்சில்வேனியாவாசிகள் இருவருக்குள் ரைஃபிளோ ஷாட்கன்னோ கைமாறினால் அது சரி. கைத்துப்பாக்கி என்றால்தான் டீலரிடமோ கவுண்டி ஷெரிஃபிடமோ போக வேண்டும். ஆனால் வாங்குபவர் வேறு மாநிலத்தவர் என்றால் 1968ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டப்படி உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் விற்க முடியும். போதாததற்கு, 2021 அக்டோபரிலிருந்து மேரிலாந்து மாநிலமே தனியார் நீளத் துப்பாக்கி விற்பனைக்குச் சோதனையைக் கட்டாயமாக்கிவிட்டது. அவர் ஊர் டீலர் மூலம் செய்வதுதான் சுலபம். அங்கே அவர் துப்பாக்கி வாங்குவோருக்கான மத்திய அரசுப் படிவம் 4473ஐ நிரப்ப வேண்டும். சோதனை முடிந்த பிறகே துப்பாக்கி கைக்கு வரும். டீலர் கட்டணம் யார் பொறுப்பு என்று இப்போதே பேசிவிடுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை அந்த விசாவைப் பற்றித்தான். எச்1பியில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாக மத்தியக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. டீலர் அதைக் காட்டச் சொல்வார். உரிமம் இல்லையென்று தெரிந்தே விற்றால் நீங்களும் மாட்டுவீர்கள். அவருக்கோ விசாவே போய்விடலாம். "சும்மா சுட்டுப் பார்க்கட்டும்" என்று ரேஞ்சில் கையில் கொடுப்பதும் ஆபத்துதான். முதலில் அவரிடம் உரிமத்தைக் கேட்டு, காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு டீலருக்குப் போன் போடுங்கள்.